சேலையின் உள்பக்கம்

அந்தக் குடியிருப்பில் யாரும் துணி துவைப்பதில்லை. காலையில் எழுந்ததும் நேற்று உடுத்தியதைப் பிரித்துவிடுவார்கள்.

ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் அடுப்பளவில் ஒரு பிரிப்பான் பதித்திருந்தது. சேலையோ வேட்டியோ, உள்ளே திணித்து மூடினால், பல் துலக்கி முகம் கழுவுவதற்குள் நூலாகிவிடும். அழுக்கும் சாயமும் தனியே வடிந்துவிடும். நூல் குழாய் வழியே பொதுத்தறிக்குப் போய், புதுச் சாயம் ஏறி, புது நெசவாக வீட்டுக்குத் திரும்பும். செவ்வாயில் பருத்தி விளையாது. பூமியிலிருந்து எப்போதாவது வரும் கப்பலில் மருந்துக்கும் கருவிகளுக்குமே இடம் போதாது. முதலில் வந்து இறங்கியவர்கள் கொண்டுவந்த நூல்தான் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. போன மாதம் எதிர்வீட்டுக்காரியின் முந்தானையில் கிடந்த இழை இன்று தன் இடுப்பில் இருக்கலாம் என்று நினைத்து அங்கே யாரும் முகம் சுளிப்பதில்லை.

நூல் எல்லோருக்கும் ஒன்றுதான். வித்தியாசம் காட்ட வேண்டுமென்றால் வடிவத்தில்தான் காட்ட முடியும். அதனால் வடிவமைப்பாளர் நாற்காலிக்கு அங்கே தனி மரியாதை. பழைய வடிவமைப்பாளர் பூமிக்குத் திரும்பிவிட்டதால் நாற்காலி காலியாக இருந்தது. தரையிறங்கிய நாள் விழாவுக்கு ஊரே உடுத்தப்போகும் துணியை யார் வரைகிறாரோ, நாற்காலி அவருக்கு.

செண்பகவல்லிக்கு அது வேண்டும். அவள் பாசித் தொட்டியில் வேலை செய்தாள். ஊருக்குக் காற்றும் சாப்பாடும் அந்தப் பாசியிலிருந்து வந்தன. மூச்சு கொடுக்கும் பாசி என்று கூட்டத்தில் புகழ்வார்கள். ஆனால் உணவுக்கூடத்தில் அவள் பக்கத்தில் உட்காரத் தயங்குவார்கள். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் முடியிலிருந்து அந்த வழவழப்பான வாடை போகாது. வடிவம் வரையக் கற்றுத்தரும் தறிமதியின் வகுப்பில் சேர்ந்தபோது பலர் இருந்தார்கள். ஒவ்வொருவராக விலகி, கடைசியில் அவளும் ரெஜினாவும் மட்டும் மிஞ்சினார்கள். ரெஜினாவும் பாசித் தொட்டிக்காரிதான். தோற்பவள் மறுபடியும் முழங்கால் வரை பாசியில் நிற்க வேண்டும்.

"வகுப்புல திரைச்சீலை போட்டுக்கிட்டு உக்காந்திருக்கியாமே?" என்றான் அவள் கணவன் இருளப்பன், புதுச் சட்டையின் பொத்தானை மாட்டியபடி. பனி தோண்டும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பது அவன் வேலை. "ஊரே சிரிக்குது."

"சிரிக்கட்டும். நான் வரையறதெல்லாம் மறுநாள் அந்தம்மா கணினித் திரையில இருக்குங்க."

"யாரு, ரெஜினாவா? போன வாரம் நம்ம வீட்டுக்குக் கஞ்சி குடுத்தனுப்புச்சே."

"அதான் சொல்றேன். சும்மா எதுக்குக் கஞ்சி குடுக்கணும்?"

இருளப்பன் குனிந்து அடுத்த பொத்தானைத் தேடினான். அந்தக் கஞ்சியை இரண்டு முறை வாங்கிக் குடித்தவன் அவன்.

தறிமதி என்பது பொதுத்தறியை ஓட்டும் கணினி. நெசவு வரையக் கற்றுக்கொடுப்பதும் அதுவே. மாணவர்களின் காதில் பதித்த செவிச்சில்லு வழியே, எப்போதும் அலுக்காத குரலில் பேசும். திரையில் கட்டம் கட்டமாகத் தாள் விரியும். ஒரு கட்டத்தை நிரப்பினால் அந்த இடத்தில் நெடுக்காக ஓடும் பாவு நூல் மேலே வரும். நிரப்பாமல் விட்டால் குறுக்கே போகும் ஊடை நூல் மேலே வரும். இந்த மேலும் கீழும்தான் பூவும் கரையும் கட்டமுமாக ஆகிறது. வரைந்து முடித்ததும் தறிமதி அதைத் துணியாகவே காட்டும். மடிப்பு விழும், வெளிச்சம் பட்டால் மின்னும். தொட்டுப் பார்க்கத்தான் முடியாது.

வகுப்பின் பாதியில் ஒருநாள் ஒவ்வொருவர் வரைபடத்தின் மூலையிலும் சின்னதாக ஒரு சிவப்புப் பூட்டு முளைத்தது. அன்றிலிருந்துதான் செண்பகவல்லிக்குச் சந்தேகம் பிடித்தது. பூட்டு வந்திருக்கிறது என்றால் திருட்டு நடக்கிறது என்றுதானே பொருள்?

அதற்கேற்றாற்போல, அவள் சாய்வாக அலை போட்ட மறுவாரமே ரெஜினாவின் மாதிரித்துணியில் அலை வந்தது. சாய்வு மட்டும் எதிர்ப்பக்கம்.

"நல்லா இருக்கு ரெஜினாக்கா. எங்க பிடிச்சீங்க இந்த அலையை?"

"தண்ணித் தொட்டியப் பாத்தேன், வந்துச்சு" என்றாள் ரெஜினா. "நீயும் தொட்டியப் பாத்துத்தானே வரைஞ்ச?"

அந்த 'நீயும்' செண்பகவல்லியின் மனதில் முள்ளாகக் கிடந்தது. நான் அலை வரைந்தது இவளுக்கு எப்படித் தெரியும்?

அன்று வகுப்பு முடிந்து ரெஜினா போன பிறகு, செண்பகவல்லி அவளுடைய வரைபடத்தின் பூட்டின்மேல் விரலை வைத்தாள். சும்மா, எவ்வளவு உறுதி என்று பார்க்க. கொஞ்சம் அழுத்தியதும் பூட்டு விலகி வழிவிட்டது. இவ்வளவு லேசான பூட்டா என்று அவளுக்கு அதிர்ச்சி. அப்படியென்றால் தன்னுடையதும் இப்படித்தான் திறந்திருக்கும். இனி தினமும் பார்த்தாக வேண்டும். எதைத் திருடியிருக்கிறாள் என்று பார்க்காமல் எப்படிக் கண்டுபிடிப்பது?

தினமும் பார்த்தாள். ரெஜினா கரையைத் திருப்புகிற விதம், ஒரு பூ முடிந்து அடுத்த பூ தொடங்கும் இடத்தில் ஒட்டுத் தெரியாமல் மறைக்கிற விதம், எல்லாம் அவளுக்கு மனப்பாடம் ஆயிற்று. சில நல்ல சங்கதிகள் அவளறியாமலே அவள் கைக்கும் வந்தன. அதை அவள் திருட்டென்று நினைக்கவில்லை. தன்னிடமிருந்து போனது திரும்பி வருகிறது என்று நினைத்தாள்.

விழாத் துணியைத் தேர்ந்தெடுக்கும் நாள் நெருங்கியபோது ஒரு பொறி வைத்தாள்.

நெசவில் ஒரு நூல் மேலே வந்தால், கொஞ்ச தூரத்தில் மறுபடி கீழே இறங்கிப் பிடிமானம் கொள்ள வேண்டும். இறங்காமல் நீளமாக ஓடினால் அதற்கு மிதவை என்று பெயர். திரையில் மிதவை பட்டுபோல மின்னும். நிஜத் துணியிலோ தொங்கும். நகம் பட்டால் போதும், மாட்டி இழுத்துக்கொண்டு வரும். செண்பகவல்லி ஒரு தீச்சுடரை வரைந்தாள். வழக்கமாகப் போடும் பிடிப்புப் புள்ளிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். திரையில் சுடர் நிஜமாகவே எரிவதுபோல் இருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு, திரையை வேண்டுமென்றே மூட மறந்து வீட்டுக்குப் போனாள். எடுக்கட்டும். எடுத்து நெய்து, ஊர் முன்னால் நூல் தொங்க நிற்கட்டும்.

மறுநாள் ரெஜினாவின் பூட்டைத் தள்ளியபோது உள்ளே ஒரு பனிப்படிகம் இருந்தது. ஆறு கிளை, ஒவ்வொரு கிளையிலும் நுணுக்கமான முட்கள், வெள்ளைமேல் வெள்ளை. செண்பகவல்லிக்கு மூச்சே நின்றது. இவ்வளவு அழகான ஒன்றை இவள் சொந்தமாக வரைந்திருக்க முடியாது. எங்கேயோ எடுத்ததுதான். எங்கேயோ எடுத்ததை நான் எடுத்தால் என்ன?

தறிமதியில் மிதவைச் சோதனை என்று ஒன்று உண்டு. வரைபடத்தைக் கொடுத்தால் எந்த நூல் எங்கே தொங்கும் என்று உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டிவிடும். ஆனால் சோதனைக்குக் கொடுத்தால், இது எங்கிருந்து வந்தது என்று தறிமதிக்குத் தெரிந்துவிடுமே. அவள் சோதிக்கவில்லை. படிகத்தின் கிளைகளைச் சற்று நீட்டி, நீல நிறம் கொடுத்து, தன் பெயரைப் போட்டாள்.

தேர்வு நாளில் குடியேற்றக் குழுவின் தலைவி பேச்சியம்மாள் நெசவுக்கூடத்துக்கு வந்தாள். பேச்சைவிடக் கையை நம்புகிறவள். முதலில் ரெஜினாவின் துணி தறியிலிருந்து இறங்கியது. செக்கச் சிவந்த தீச்சுடர். செண்பகவல்லி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

பேச்சியம்மாள் துணியைத் தோளில் போட்டாள். அவள் மோதிரத்தில் ஒரு நூல் மாட்டியது. கையை எடுத்தாள், நூலும் கூடவே வந்தது, அது இன்னொன்றை இழுத்தது, ஒரு சுடர் முழுவதும் அவிழ்ந்து முழங்கை வரை தொங்கியது.

"என்னம்மா இது, சேலையா சேமியாவா?"

"அது என் படம்!" என்று பாய்ந்தாள் செண்பகவல்லி. "நான்தான் பொறி வச்சேன். பிடிப்பே இல்லாம வரைஞ்சு வச்சேன். களவாணி மாட்டிக்கிட்டா பாருங்க!"

ரெஜினா முகம் வெளுத்து நின்றாள். பிறகு மெதுவாகத் திரும்பினாள். "முதல்ல உன் துணி இறங்கட்டும் செண்பகம்" என்றாள்.

இறங்கியது. நீலப் பனிப்படிகம். பேச்சியம்மாள் இந்த முறை மோதிரத்தைக் கழற்றிவிட்டுத்தான் தொட்டாள். ஆனாலும் ஆறு கிளைகளும் ஆறு குஞ்சங்களாகத் தொங்கின.

"நானும் பொறிதான் வச்சேன்" என்றாள் ரெஜினா.

 இருவரும் சேர்ந்து பேசத் தொடங்கினார்கள். கஞ்சி, திரை, அலை, சாய்வு என்று எல்லாம் வெளியே வந்தது. பேச்சியம்மாள் தொங்கிய நூலால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

"நிறுத்துங்க ரெண்டு பேரும். ஏ தறிமதி, உன் பூட்டு என்ன லட்சணத்துல இருக்கு?"

"அது பூட்டு இல்லை" என்றது தறிமதி, கூடம் முழுவதும் கேட்கும்படி. "பூட்டின் படம். எல்லோருடைய வரைபடமும் முதல் நாளிலிருந்தே எல்லோருக்கும் திறந்துதான் இருக்கிறது. ஒருவர் வேலையை ஒருவர் பார்த்துக் கற்க வேண்டும் என்று முதல் பாடத்திலேயே எழுதியிருக்கிறேன். இருவரும் 'படித்தேன்' என்ற பொத்தானைத் தொட்டிருக்கிறார்கள்."

இருவரும் தரையைப் பார்த்தார்கள்.

"பல மாதங்கள் காத்திருந்தேன். ஒருவரும் மற்றவருடையதைத் திறக்கவில்லை. ஆளாளுக்கு ஒரே தவறைத் தனித்தனியே செய்துகொண்டிருந்தார்கள். பிறகு பூட்டின் படத்தை வைத்தேன். அதன்பின் சில வாரங்களுக்குள் இருவரும் திறந்துவிட்டார்கள். அதற்குப் பின் கற்றதுதான் இவர்கள் கற்ற எல்லாமும். இவர்கள் ஒருவருக்கொருவர் வைத்த பொறியைப் பாருங்கள். இத்தனை நேர்த்தியாகத் தவறு செய்ய நான் யாருக்கும் கற்றுக்கொடுத்ததில்லை."

பேச்சியம்மாள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார்கள். அவள் யோசனையில் இருந்தாள்.

"காத்துக் கசிஞ்சா என்ன செய்யணும்னு எல்லாருக்கும் அனுப்பியிருக்கோமே, அதை எத்தனை பேரு படிச்சிருக்காங்க?"

"அனைவரும் 'படித்தேன்' என்று தொட்டிருக்கிறார்கள்."

"அதைக் கேக்கல. படிச்சவங்க எத்தனை பேரு?"

"முதல் வரியைத் தாண்டியவர் ஒருவரும் இல்லை" என்றது தறிமதி. சற்று நிறுத்தி, "நீங்களும் உட்பட" என்றது.

பேச்சியம்மாள் மோதிரத்தை மறுபடி மாட்டிக்கொண்டாள். "ரெண்டு பேரும் அந்த நாற்காலியிலயே ஒட்டி உக்காருங்க. தீயையும் பனியையும் ஒரே துணியில வரைங்க. இந்த வாட்டி பிடிப்பு இருக்கணும். அது வெளிப்பக்கம். உள்பக்கத்துல என்ன வரணும்னு நான் தனியா சொல்றேன். வெளிய ஒரு வார்த்தை போச்சுன்னா ரெண்டு பேருக்கும் பாசித் தொட்டிதான்."

ஒரே துணியில் இரண்டு முகம் வைப்பது கடினமான நெசவு. ஒருத்தி தனியாகச் செய்ய முடியாது. ஒருத்தி வெளியே சுடர் போடும் இடத்தில் உள்ளே ஓர் எழுத்து கெடும். மற்றவள் எழுத்தைச் சரிசெய்தால் வெளியே படிகம் கோணும். இருவரும் தோளோடு தோள் இடித்து, திட்டிக்கொண்டே வரைந்தார்கள். ரெஜினா எழுந்து தண்ணீர் குடிக்கப் போனால், செண்பகவல்லி அவள் போட்ட புள்ளிகளை ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொள்வாள். திரும்பி வந்ததும் ரெஜினாவும் எண்ணுவாள்.

தரையிறங்கிய நாள் காலையில் எல்லா வீட்டுக்கும் புதுத்துணி வந்தது. கூடவே குழுவின் அறிவிப்பும் வந்தது: 'துணியின் உள்பக்கம் குழுவின் பயன்பாட்டுக்கு மட்டும். பொதுமக்கள் யாரும் திருப்பிப் பார்க்க வேண்டாம்.'

விழாவில் பாட்டைக் கேட்டவர்கள் குறைவு. தூணுக்குப் பின்னால், குழாய்களின் இடுக்கில், குளியலறையில் என்று எங்கே பார்த்தாலும் யாராவது முந்தானையைத் திருப்பிக்கொண்டோ சட்டையைக் கழற்றிக்கொண்டோ நின்றார்கள். ஒருவர் காலரை இன்னொருவர் மடித்துப் படித்துச் சொன்னார். மறுநாள் காலையில் பிரிப்பான்கள் காலியாகக் கிடந்தன. எல்லோரும் முந்திய நாள் விழாத் துணியிலேயே வேலைக்கு வந்தார்கள்.

அன்று இருளப்பன் வேலையிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டான். கதவைச் சாத்தினான். காற்றுக்குழாயின் வாயில் தலையணையை வைத்து அடைத்தான். செண்பகவல்லியின் கையைப் பிடித்து மூலைக்கு இழுத்துப் போனான்.

"ஒரு விஷயம் தெரிஞ்சு போச்சு. யார்கிட்டயும் சொல்லிடாத."

"என்னங்க?" என்றாள் அவள். வெளிப்பக்கத்தை வரைந்தவள் என்று மட்டுமே அவனுக்குத் தெரியும்; அந்த எழுத்துகளில் பாதியும் அவள் கைவேலைதான் என்பது தெரியாது.

"காத்துக் கசியுற சங்கு ஊதினா வெளிக் கதவுப் பக்கம் ஓடக் கூடாதாம். நாம எல்லாரும் அங்கதானே ஓடுவோம்? ஓடினா செத்தோம். சுவரைத் தடவிக்கிட்டே பச்சை விளக்கு இருக்குற அறைக்குத்தான் போகணுமாம். முகமூடி படுக்கைக்குக் கீழயே இருக்காம், இத்தனை வருஷமா." அவன் குனிந்து ஒரு பெட்டியை இழுத்துத் தூசியை ஊதினான். "எட்டு விதி இருக்கு. ஒண்ணு விடாம மனப்பாடம் பண்ணிட்டேன். தோண்டுற இடத்துல எல்லாருக்கும் தெரியும்."

"அப்படியா?"

"பின்ன என்ன?" இருளப்பனின் குரல் ஆத்திரத்தில் நடுங்கியது. "உயிர் போற விஷயம். இதைப் போய் நம்மகிட்டேருந்து ஏன் இத்தனை நாளா மறைச்சு வச்சாங்க?"