மூச்சுக் கணக்கு

ஓரகத்தி புது வீடு கட்டிக் குடிபோய் எட்டு மாதம் கழித்துத்தான் தையல்காரி அங்கே காலெடுத்து வைத்தாள். அதுவும் ஆசைப்பட்டு அல்ல. தையல்காரியின் வீட்டுக் கூரையைப் பிரித்துப் போட நாலு நாளாகும் என்று கொத்தனார் சொல்லிவிட்டார். "தம்பி வீடு இருக்கும்போது வேற எங்க போறது?" என்று கணவன் பெட்டியைக் கட்டிவிட்டான்.

"வாங்கக்கா, வாங்க" என்று சின்னவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். கதவைச் சுற்றிலும் கறுப்பு ரப்பர் பட்டை. தெருச் சத்தம் கத்தரியால் வெட்டியதுபோல் நின்றது. வெளியே பல்லைக் கிட்டவைக்கும் குளிர். உள்ளே அடுப்பு எரியவில்லை, கணப்பில்லை, ஆனாலும் கதகதப்பு.

"மூணு அடுக்குக் கண்ணாடி அக்கா. எங்கயும் ஒரு இடுக்கு கிடையாது. கரண்ட் பாதிகூட ஆகுறதில்ல."

"அப்ப மூச்சு எப்படி விடுவீங்க?"

சின்னவள் சிரித்தாள். ஸ்டோர் ரூமில் பீரோ அளவுக்கு ஒரு வெள்ளை மெஷின் முனகிக்கொண்டிருந்தது. கெட்ட காற்றை வெளியே தள்ளும். தள்ளும்போது அதன் சூட்டை மட்டும் பிடித்து, உள்ளே வரும் நல்ல காற்றுக்குக் கொடுத்துவிடும். ஒவ்வொரு அறையின் கூரையிலும் தட்டு போல ஒரு வட்டத் துவாரம். ஹால் சுவரில் சின்னப் பெட்டி ஒன்றில் எண் ஓடியது.

"நாம விடுற மூச்சை அது கணக்குப் பண்ணுது. அறுநூறுக்குள்ள இருந்தா நல்லது. ஆயிரம் தாண்டினா தலை வலிக்கும்." சின்னவளின் குரல் தாழ்ந்தது. "ஒண்ணே ஒண்ணுக்கா. மெஷினை மட்டும் நிறுத்திடாதீங்க."

தையல்காரிக்கு வயிறு எரிந்தது. பதினோரு வருஷம் இரண்டு பேரும் ஒரே சமையலறையில் இடித்துக்கொண்டு நின்றவர்கள். ஒரே உலையில் வெந்த அரிசிதானே? தன் வீட்டு ஜன்னல் இடுக்கில் பழைய பேப்பரைத் திணித்துவிட்டு, விரல் விறைக்க விறைக்கத் தைக்கிறாள் அவள். இவளுக்கோ காற்றைக்கூடச் சூடு பண்ணிக் கொடுக்க மெஷின் இருக்கிறது!

மறுநாள் காலை எல்லோரும் வேலைக்குப் போனார்கள். தையல்காரி துணி மடித்தாள், தட்டு கழுவினாள், பளபளக்கும் மேடையைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க மனம் புழுங்கியது. மத்தியானம் ஸ்டோர் ரூமுக்குப் போய் மெஷினை அணைத்தாள். சாயங்காலம் வந்து தலையைப் பிடித்துக்கொண்டு உட்காரட்டும். ஒரு நாளாவது இந்தப் பெருமை அடங்கட்டும்.

முனகல் ஓய்ந்தது. இத்தனை அமைதியை அவள் கேட்டதே இல்லை.

ஹாலில் உட்கார்ந்து ஒரு பாவாடைக்கு ஓரம் மடித்தாள். சுவர்ப் பெட்டியில் ஐந்நூற்று எண்பது. கொஞ்ச நேரம் கழித்து அறுநூற்று நாற்பது. டீ போட்டுக்கொண்டு திரும்பி வந்து பார்த்தாள்.

ஆயிரத்து நானூறு.

வீட்டில் அவள் ஒருத்திதான்.

கரி புகையும் வாடை வந்தது. அதன் கூடவே ஈரக் கம்பளியின் நாற்றம், பல நாள் குளிக்காத உடம்புகளின் நாற்றம். அடுப்பைப் பார்த்தாள். அணைந்துதான் இருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரம்.

அப்புறம் மூச்சுச் சத்தம். முதலில் ஒன்று, அசந்து தூங்குகிறவனுடையது மாதிரி. அதன்மேல் இன்னொன்று. மூன்றாவதில் சளி கரகரத்தது.

எதிரே ஜன்னல் கண்ணாடியில், தரையில் உட்கார்ந்தவர்களின் வாய் உயரத்தில், உள்பக்கமாக ஓர் ஆவித் திட்டு படிந்தது. பக்கத்தில் இன்னொன்று. எண்ணினாள்.

ஏழு.

வாசலுக்கு ஓடிக் கைப்பிடியைத் திருப்பினாள். திரும்பியது. கதவு வரவில்லை. ரப்பர் பட்டை உறிஞ்சி இழுத்துக்கொண்டிருந்தது. எவ்வளவு இழுத்தும் மூச்சு தொண்டையோடு நின்றது. காதோரம் ஓர் ஆணின் குரல், வறண்டு போய்:

"எங்களுக்கும் கொஞ்சம்."

தவழ்ந்துதான் ஸ்டோர் ரூமுக்குப் போனாள். எம்பி ஸ்விட்சைத் தட்டினாள். மெஷின் ஒருமுறை குலுங்கி ஓடத் தொடங்கியது. வீடே ஒரு நீண்ட பெருமூச்சு விட்டது.

கதவு தானாக விட்டுக்கொடுத்தது.

சாயங்காலம் சின்னவள் வந்தபோது அவள் வாசற்படியில், செருப்பில்லாமல், குளிரில் உட்கார்ந்திருந்தாள்.

"நிறுத்திட்டீங்களாக்கா?"

"நிறுத்திட்டேன். வயித்தெரிச்சல்ல பண்ணிட்டேன்டி." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. "அவங்க யாரு?"

சின்னவள் திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள். "இங்க முன்னாடி ஒரு கூலியாட்கள் விடுதி இருந்துச்சாம். ஒரு குளிர்காலம், ஏழு பேர் இடுக்கெல்லாம் துணியால அடைச்சுக் கரியடுப்பு மூட்டிட்டுப் படுத்திருக்காங்க. ஒருத்தரும் எழுந்திருக்கல. அஸ்திவாரம் போட்டப்புறம்தான் எங்களுக்குத் தெரிஞ்சுது. மெஷின் ஓடுற வரைக்கும் சும்மா இருப்பாங்க. கரண்ட் போனா ரெண்டு பேரும் தெருவுக்கு ஓடி வந்துடுவோம்."

"இதை வெச்சுக்கிட்டா அப்படிச் சிரிச்சே?"

"வேற என்ன பண்றது? எல்லாத்தையும் இதுல போட்டுட்டோமே." சின்னவள் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "உங்க வீட்டுல காத்து கேக்காம வருது, கேக்காம போகுது. எனக்கு உங்க மேல எத்தனை பொறாமை தெரியுமா அக்கா?"

தையல்காரி சின்னவளின் தோளில் கை போட்டாள். தெருவிளக்கு எரியும்வரை இருவரும் உள்ளே போகவில்லை.

கூரை வேலை முடியும் முன்பே தையல்காரி தன் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். பாதிக் கூரை திறந்தே கிடந்தது; மனசுக்கு அதுவே நிம்மதியாக இருந்தது. முதல் வேலையாக ஜன்னல் இடுக்குகளில் திணித்திருந்த பேப்பரையெல்லாம் பிடுங்கி எறிந்தாள்.

அன்று பட்டப்பகல். மரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. ஊசியில் நூல் கோக்க உட்கார்ந்தாள். கை நடுங்காமலிருக்க எப்போதும்போல் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

நூலின் நுனி மெல்ல அவளைவிட்டு விலகி ஆடியது.

நின்றது.

பிறகு அவள் இடது தோளுக்குப் பின்னால் யாரோ மூச்சை உள்ளிழுப்பதுபோல், அந்தப் பக்கமாகத் திரும்பி வந்தது.