அறுபத்தொன்றில் நின்ற படம்

தண்ணீர்மலைக்குப் போகும் சாலையில் இடப்பக்கம் ஒரு சந்து பிரியும். அதில் மூன்றாவது வீடு. 1999 நவம்பர், பிற்பகல் மூன்று மணிக்கு என் மோட்டார் சைக்கிளை அங்கே நிறுத்தினேன். மழை வருவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

தொலைபேசி இலாகாவில் இருபத்தெட்டு வருஷம் கம்பம் ஏறியவன் நான். ஓய்வு பெற்ற பிறகு, கூப்பிட்ட வீட்டுக்குப் போய் லைன் பார்த்துக் கொடுப்பேன். ஒருமுறை பாயான் லெப்பாசில் கம்பத்தின் மேல் இருக்கும்போது இடி விழுந்து, அதற்குப் பிறகு மூன்று நாள் ரேடியோ இல்லாமலே எனக்குப் பாட்டுக் கேட்டது. அதை நீங்கள் நம்ப வேண்டியதில்லை. இதை நம்பினால் போதும்.

கதவைத் திறந்தவர் குலசேகரம். துறைமுக அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். வயது எழுபத்தாறு. தனியாக இருக்கும் வீட்டில்கூட முழுக்கைச் சட்டைக்குப் பொத்தான் போட்டிருந்தார்.

“லைன் அறுந்து அறுந்து போகுது தம்பி,” என்றார். “எப்பவும் ஒரே இடத்திலை.”

கூடத்தில் ஒரு கம்ப்யூட்டர், பக்கத்தில் படத்தை நகலெடுக்கும் ஸ்கேனர். மெல்பர்னில் இருக்கும் மருமகன், ஒன்றுவிட்ட அக்காவின் மகன், வாங்கி அனுப்பியது. போன வருஷம் ஒரு இடியில் முதல் கம்ப்யூட்டர் கருகி, அதில் நகலெடுத்து வைத்திருந்த குடும்பப் படமெல்லாம் அழிந்துவிட்டதாம். அதனால் மருமகன் இன்டர்நெட்டில் எங்கோ ஒரு கம்பெனியில் இடம் பிடித்துக் கொடுத்திருக்கிறான். இங்கிருந்து போன் லைன் வழியாகப் படத்தை அனுப்பினால் அவர்கள் பத்திரமாக வைத்துக்கொள்வார்கள். வீட்டில் இடி விழுந்தாலும் கரையான் அரித்தாலும் படம் அங்கே இருக்கும்.

“நாற்பத்திரண்டு படம் போயிட்டுது. அப்பா, அம்மா, தைப்பூசம், என்ரை பிரியாவிடை, எல்லாம். இது ஒண்டுதான் போகுதில்லை.”

படத்தை என் கையில் தரவில்லை. தன் கையில் வைத்தபடியே காட்டினார்.

ஸ்டுடியோ திரை. முதுகு உயர்ந்த நாற்காலி. அதில் இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி, சிரிக்கலாமா என்று யாரிடமோ அனுமதி கேட்பவள் போல உட்கார்ந்திருந்தாள். கீழிருந்து வெள்ளைப் பூஞ்சணம் படர்ந்து ஏறியிருந்தது. புடவையைத் தின்றுவிட்டது. கழுத்தைத் தின்றுவிட்டது. தாடையில் நின்றது.

“தங்கச்சி. நல்லம்மா. போன மாதம் பூஞ்சணம் தோள்மூட்டிலை நிண்டது,” என்றார். “எனக்கு இப்ப கண்ணை மூடினால் அவளின்ரை முகம் வரேல்லை தம்பி. இதைப் பார்த்தால்தான் வருது.”

நல்லம்மாவுக்கு இருந்தது அந்த ஒரே படம். 1948இல் மாப்பிள்ளை வீட்டுக்குக் காட்ட எடுத்தது. தைப்பிங், சிரம்பான், கோலாலம்பூர், யாழ்ப்பாணம் என்று பதினொரு வீட்டுக்குப் போனது. பதினொரு தரமும் உறையில் போட்டுத் திருப்பி அனுப்பினார்கள். பதினொன்றாவது தரம் வந்தபோது அவளே தபால்காரரிடம் வாங்கி, பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டிவிட்டாள். தங்கச்சிக்குக் கல்யாணம் ஆகாமல் அண்ணன் கட்டிக்கொள்வது அவர்கள் வழக்கம் இல்லை. அண்ணனும் தங்கையும் அந்த வீட்டிலேயே கிழவர்களானார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் காலமாகிவிட்டாள்.

“சரி சார், அனுப்புங்க. நான் லைன்ல கேக்கறேன்.”

என் இடுப்பில் சோதனை ரிசீவர் ஒன்று தொங்கும். லைனைக் கெடுக்காமல் ஒட்டுக் கேட்கலாம்; பொத்தானைத் தட்டினால் பேசவும் செய்யலாம். சுவரில் கம்பி வரும் இடத்தில் அதைக் கவ்வவிட்டேன். அவர் படத்தை ஸ்கேனருக்குள் வைத்து மூடினார். மோடம் கத்தி ஓய்ந்தது. திரையில் நீலப் பட்டை ஊர ஆரம்பித்தது. இருபது சதவீதம். நாற்பது. ஐம்பத்தைந்து.

அறுபத்தொன்று.

டக்.

நீலப் பட்டை நின்றது.

அந்தச் சத்தம் எனக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். வீட்டில் இன்னொரு போனை யாரோ எடுத்தால் வரும் சத்தம்.

“மாடியில போன் இருக்கா சார்?”

“இருக்கு.”

“யாரு இருக்கா மேல?”

அவர் கண்ணாடியைத் துடைத்தார்.

மரப்படி ஏறினேன். மேலே ஒரே அறை. நாள்பட அடைத்து வைத்த துணியின் வாடை, நடுவில் கொஞ்சம் முகப் பவுடர். கட்டில் ஓரத்து முக்காலியில் கறுப்புப் போன். ரிசீவர் மட்டும் கட்டிலின் மேல் கிடந்தது. போனின் கம்பி எங்கே போகிறது என்று பிடித்துப் பார்த்தேன்.

கம்பி சுவருக்குப் போகவில்லை.

சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, முக்காலிக்குக் கீழே வைத்திருந்தது. ரப்பர் பேண்டே காய்ந்து வெடித்திருந்தது.

கட்டிலில் கிடந்த ரிசீவர் சூடாக இருந்தது.

நான் இறங்கி வந்த வேகத்தைப் பற்றிப் பேச வேண்டாம். குலசேகரம் என்னைப் பார்த்து, வெகு நிதானமாக, “அவள்தான்,” என்றார். “நான் சொன்னால் கேக்கிறாள் இல்லை. பதினொரு தரமும் அனுப்பினவன் நான்தானே. நீர் பிற மனுசர். ஒருக்கா எடுத்துச் சொல்லும்.”

“நானா?”

“லைனிலைதான் நிக்கிறாள்.”

கூலிக்கு எத்தனையோ செய்திருக்கிறேன். இது புதிது. சோதனை ரிசீவரைப் பேசும் பக்கம் தட்டி, காதில் வைத்தேன்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு மூச்சு. பிறகு கண்ணாடி வளையல் ஒன்றோடொன்று உரசும் சத்தம்.

“அக்கா,” என்றேன். “இது மாப்பிள்ளை வீடு இல்லக்கா. வெறும் கம்ப்யூட்டர்தான்லா. யாரும் பாக்க மாட்டாங்க. குறை சொல்ல மாட்டாங்க. திருப்பி அனுப்ப மாட்டாங்க. அண்ணனுக்கு உங்க முகம் மறந்து போவுதாம்.”

வளையல் சத்தம் நின்றது.

“நீங்கள் ஆர்?”

கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஒரு கிசுகிசுப்பு.

“ராமதாஸ்.”

“என்ன உத்தியோகம்?”

“டெலிபோன்ல இருந்தேன். இப்ப பென்ஷன்.”

“எங்கை வீடு?”

“ரைஃபிள் ரேஞ்ச் பிளாட். பதினோராவது மாடி.”

இருபத்தெட்டு வருஷப் பழக்கம். லைனில் கேட்டால் பதில் சொல்லிவிடுவேன். என்ன கேள்வி, எந்த வரிசையில் கேட்கப்படுகிறது என்று அப்போது தோன்றவில்லை.

“வீட்டிலை ஆர் ஆர் இருக்கினம்?”

“யாரும் இல்ல. சம்சாரம் தவறி இருபது வருஷம் ஆச்சு.”

மூச்சு கொஞ்ச நேரம் கேட்டது.

டக்.

வைத்துவிட்டாள்.

“இப்ப அனுப்புங்க சார்,” என்றேன். என் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

நீலப் பட்டை ஊர்ந்தது. அறுபது. அறுபத்தொன்று. நாங்கள் இரண்டு பேரும் மூச்சு விடவில்லை. அறுபத்திரண்டு. எழுபது. தொண்ணூறு. நூறு.

“போயிட்டுது,” என்றார் குலசேகரம். கண்ணாடியைக் கழற்றிவிட்டு அழுதார். பிறகு, அங்கே போய்ச் சேர்ந்த படத்தைத் திறந்து பார்க்கலாம் என்றார். மேலிருந்து ஒவ்வொரு வரியாக அது இறங்கியது. ஸ்டுடியோ திரை. நாற்காலியின் முதுகு.

நாற்காலி காலி.

மெத்தையில், யாரோ இப்போதுதான் எழுந்தது போல ஒரு பள்ளம்.

அவர் ஸ்கேனர் மூடியைத் தூக்கினார். கண்ணாடியில் உள்ளிருந்து மூச்சுப் பட்டது போல ஆவி படிந்திருந்தது. படத்தைத் திருப்பினார். பூஞ்சணம் இருந்தது, நாற்காலி இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

மாடிப் படியில் சத்தம்.

ஒரு படி. நின்றது. இன்னொரு படி.

இறங்கி வந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பவுடர் வாசம் போனது. வாசல் கதவின் கொக்கி தானாக ஆடியது. வெளியே மழை ஒரு முடிவெடுத்து, பிடித்துக்கொண்டது.

குலசேகரம் வாசலைப் பார்த்து, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்குச் சொல்வது போல மெல்லச் சொன்னார்: “மழை பெய்யுது நல்லம்மா. குடையைக் கொண்டு போ.”

எனக்கு அவர் தந்த தேநீரைக் குடிக்காமல் கிளம்பினேன். அது தப்புத்தான். ஆயர் ஈத்தாம் மேட்டில் மோட்டார் சைக்கிள் திணறியது. பின் சக்கரத்தில் காற்றுக் குறைவு என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அமுக்கிப் பார்த்தேன். காற்று சரியாகத்தான் இருந்தது.

மறுநாள் மூன்று மணிக்குப் போன் அடித்தது.

“வந்து சேர்ந்தாளோ?” என்றார் குலசேகரம்.

“யாரு சார்?”

“இங்கை ஒரு சத்தமும் இல்லை தம்பி. இண்டைக்குக் காலமை இன்னொரு படம் அனுப்பிப் பார்த்தன். நிப்பாட்டி நிப்பாட்டி அனுப்பினன். ஒருத்தரும் எடுக்கேல்லை.”

அவர் விட்ட மூச்சுத்தான் லைனில் கேட்டது. ஒரே மூச்சு. அந்த வீடு எவ்வளவு பெரிது என்று எனக்கு அப்போது தெரிந்தது.

“இங்க யாரும் வரல சார்,” என்றேன். அந்த நிமிஷத்தில் எனக்குத் தெரிந்தவரை அது உண்மை.

“சரி. வந்தால் சொல்லும். அவளுக்குக் கூச்சம். கதைக்கக் கொஞ்ச நாள் செல்லும்.”

போனை வைத்தேன். சடசடவென்று மழை. ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கம்பில் காயப்போட்ட துணி நினைவுக்கு வந்து ஓடினேன். பதினோராவது மாடி. வெளியேயிருந்து எட்ட ஆளில்லை. கம்பில் ஒன்றும் இல்லை. காற்று அடித்துப் போயிருக்கும் என்று கீழே எட்டிப் பார்த்தேன். கீழேயும் இல்லை.

அறைக்குள் போனேன்.

என் நான்கு சட்டையும் கட்டிலில் இருந்தன. மடிப்பு மடிப்பாக, ஓரத்தோடு ஓரம் சேர்த்து, மேல் பொத்தான்வரை போட்டு.

பழைய தொழில் பழக்கம், குலசேகரத்தின் நம்பர் எனக்கு மனப்பாடம். போனைத் தூக்கினேன். முதல் எண்ணைச் சுழற்றினேன். சட்டைகளை இன்னொரு தரம் பார்த்தேன்.

போனை வைத்துவிட்டேன்.