சாம்பலுக்குப் போகாத கறை

பெரிய கிராணி கார்த்திகேசுவின் மனைவி ரிக்‌ஷாவில் வந்து இறங்கியபோது மணி மூன்று. குயின் தெருவில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. மாடியில் தனலெட்சுமி அந்த நாற்காலியை இன்னொரு முறை துடைத்துவிட்டு, எண்ணெய்க் கையைப் புடவையிலேயே தேய்த்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

மொத்தம் நாலு தேக்கு நாற்காலிகள். ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவருடைய சாமான் ஏலத்தில் எடுத்தது. முகம் பார்க்கலாம், அப்படி ஒரு மெருகு. புருஷன் சின்னையா துறைமுகத்தில் அந்தப் பெரிய கிராணிக்குக் கீழே கணக்கெழுதும் சின்னக் கிராணிதான். ஆனால் தனலெட்சுமியின் மிடுக்கு அந்த நாற்காலிகளுக்கு ஏற்ற மிடுக்கு. நாகப்பட்டினத்துப் பெரிய குடும்பம் நாங்கள் என்று இந்த அம்மாளிடம் அளந்து வைத்திருந்தாள்.

இரண்டு மாதத்துக்கு முன், இதே அம்மாள் இதே கூடத்தில் இருந்தபோதுதான் தனலெட்சுமியின் அக்கா வந்தாள். படகில் கடந்து போகிற அக்கரையில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள். நிறைமாத வயிறு. கொட்டுகிற மழையில் தொப்பலாக நனைந்து வந்து, நிற்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

“ஆர் பிள்ளை இது?” என்று அந்த அம்மாள் கேட்டாள்.

“துணி வெளுக்குற பொம்பள” என்றாள் தனலெட்சுமி. “எந்திரிச்சுப் போ. மெருகு போயிடும்.”

 அக்கா கைப்பிடியை ஊன்றி எழுந்தாள். பித்தளைக் காப்பு மரத்தைக் கீறியது. திரும்பிப் பார்க்காமல் மழைக்குள் இறங்கிப் போனாள்.

மூன்றாம் நாள் ஜன்னி கண்டு, வயிற்றுப் பிள்ளையோடு போய்ச் சேர்ந்தாள். செய்தி கேட்டுத் தனலெட்சுமி குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அக்கா வீடு தேடி வந்ததைப் புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. எந்த வாயால் சொல்வாள்?

அக்கா உட்கார்ந்த நாற்காலியில் அன்றிலிருந்து அந்தக் கறை. ஈரத்தோடு ஒருத்தி உட்கார்ந்த அளவுக்கு, மெருகின் மேல் வெள்ளையாக. அடுப்புச் சாம்பலைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துத் தேய்த்தால் போகும். புவா கெராஸ் என்கிற எண்ணெய்க் கொட்டையை உடைத்துப் பருப்பால் தேய்த்தால் கீறலும் மறையும். விடிந்தால் இரண்டும் திரும்ப வந்திருக்கும். இன்று சாமி மாடத்துத் திருநீற்றையே அள்ளிக் குழைத்துத் தேய்த்திருந்தாள். மத்தியானம் மரம் பளிச்சென்று இருந்தது.

காப்பி ஆறுவதற்குள் ஒரு நாற்றம் வந்தது.

நனைந்த துணி. புளித்த ரப்பர் பால்.

டக்.

மரத்தில் காப்பு படுகிற சத்தம்.

“இந்தக் கதிரை ஏன் ஈரமாக் கிடக்குது?” அந்த அம்மாள் பக்கத்திலிருந்த அந்த நாற்காலியைக் குனிந்து பார்த்தாள். “ஆர் இருந்தது?”

பலகை விளிம்பிலிருந்து ஒரு சொட்டு தரையில் விழுந்தது.

அக்கா என்ற சொல் தனலெட்சுமியின் தொண்டை வரை வந்தது. சின்னையாவின் உத்தியோக உயர்வு நினைவுக்கு வந்தது. நாகப்பட்டினமும் வந்தது.

“வேலைக்காரி துடைச்சா. காயல” என்றாள். சொல்லும்போதே அவளுக்குத் தன்மேல் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது.

அந்த அம்மாள் அதிக நேரம் இருக்கவில்லை. படியிறங்கிப் போனவள் கீழேயிருந்து குரல் கொடுத்தாள்.

“பிள்ளை, அந்தத் துணி வெளுக்கிறவ வாசலிலை நிக்கிறா. கையிலை பச்சைப் பிள்ளை. ரெண்டும் தெப்பமா நனைஞ்சு போச்சு, பாவம். மேலை கூப்பிடும்.”

தெருவில் வெயில் அப்படியேதான் இருந்தது.

தனலெட்சுமி தடதடவென்று இறங்கினாள். ரிக்‌ஷா முனை திரும்பிவிட்டது. வாசலில் யாரும் இல்லை. ஈரக் காலடிகள் மட்டும் இருந்தன. வாசலைத் தாண்டி உள்ளே வந்து, அவள் இப்போதுதான் இறங்கி வந்த படிகளில் ஒவ்வொன்றாக மேலே ஏறியிருந்தன.

“அக்கா” என்றாள். “எங்க அக்கா.” உரக்கச் சொன்னாள். கேட்க ஆளில்லாத இடத்தில்தான் அந்தச் சொல் வாயை விட்டு வந்தது. அவமானத்தில் முகமெல்லாம் எரிந்தது.

மேலே டக் என்றது.

ஏறிப் போனாள். கூடத்தில் யாரும் இல்லை. நாற்காலியில் அந்த வெள்ளைக் கறை. அதன் நடுவே, மடி இருக்கிற இடத்தில், உள்ளங்கை அளவுக்கு இன்னொரு புதுக் கறை.

தொட்டுப் பார்த்தாள்.

வெதுவெதுப்பாக இருந்தது.