உப்பில்லாப் பத்தியம்

"நான் என் புருஷனுக்குச் சோத்துல இடுமருந்து வச்சிட்டேனாம் சார். மாமியார் தெரு பூரா சொல்லிட்டாங்க. சாயங்காலம் போலீஸ்ல எழுதிக் கொடுக்கப் போறாங்களாம்."

இரும்புலியூரில் துப்பறியும் அலுவலகம் வைத்திருந்த சுவிசேஷமுத்துவுக்கு, பெரும்பாலும் மாப்பிள்ளைகளைப் பற்றி விசாரிப்பதுதான் வேலை. அன்று காலை வந்து நின்ற பட்டுவோ கல்யாணமாகி ஆறு மாதமான பெண். உதவியாளர் அமலராணி நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

டெலிபோனும் கலர் டிவியும் உள்ள வீட்டில், 1992இல், இடுமருந்தாம்! கேட்கவே எரிச்சலாக இருக்கிறது.

"முதல்ல என்ன ஆச்சு?" என்றார் சுவிசேஷமுத்து.

"அவருக்குக் கால் பிசகிடுச்சு. அவரோட அண்ணன் குப்புராஜ், மருந்துக் கடையில வலி மாத்திரை வாங்கிட்டு வந்து மூணு வேளையும் கொடுத்தார். ஒரு வாரத்துல கை உதறல், வாந்தி. பேச்சு குழறுது, நடந்தா தள்ளாடுறார். என்னை அடுப்படிப் பக்கமே விடலை. இடுமருந்து எடுக்கிறவன்னு ஒருத்தன் வந்து உப்பில்லாப் பத்தியம் சொன்னான். அதுக்கப்புறம் இன்னும் மோசம். இப்ப ஆஸ்பத்திரியில நினைவு தப்பித் தப்பி வருது."

"நீங்க சமைக்காதப்பவும் மோசமாச்சா?"

"ஆமா சார்."

"அப்போ மாமியார்தான்!" என்று துள்ளினாள் அமலராணி.

"அவசரப்படாதேம்மா. அவர் முன்னாடி எப்படி இருப்பார்?"

"நல்லாத்தான். தண்ணி மட்டும் செம்பு செம்பா குடிப்பார். டம்ளரைப் பிடிச்சா கை லேசா ஆடும். மாசா மாசம் அம்மாவும் பிள்ளையும் எங்கேயோ போயிட்டு வருவாங்க. முழங்கை மடிப்புல பஞ்சு ஒட்டியிருக்கும். ரத்த தானமாம். அத்தை தினமும் சத்து மாத்திரை கொடுப்பாங்க. அட்டையை எல்லாம் பிரிச்சு எறிஞ்சுட்டு, டப்பாவுல போட்டு இடுப்புலயே வச்சிருப்பாங்க."

"இப்பவும் கொடுக்கிறாங்களா?"

"ஆஸ்பத்திரியிலயும்தான்."

சுவிசேஷமுத்து சட்டென்று எழுந்தார். "ஆட்டோ கூப்பிடு ராணி."

தாம்பரத்தில் இருந்த அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் தாயாரம்மாள் கழுத்து நிறைய நகையோடு உட்கார்ந்திருந்தாள். வயலை மனை போட்டு விற்ற குடும்பம். பக்கத்தில் குப்புராஜ். மருமகளைக் கண்டதும் "வந்துட்டாடா!" என்றாள்.

"அம்மா, எந்த இடத்துலயும் ஒரே ஆள்கிட்ட மாசா மாசம் ரத்த தானம் வாங்க மாட்டாங்க," என்றார் சுவிசேஷமுத்து நிதானமாக. "அப்போ அது பரிசோதனை. சர்க்கரை வியாதியா? இருந்தா ஊரையே கூப்பிட்டுச் சொல்லியிருப்பீங்க. அட்டையைப் பிரிச்சு எறிஞ்சு மறைக்கிற நோய் உங்களை மாதிரி ஆளுங்களுக்கு ஒண்ணுதான்."

"மனசு சம்பந்தப்பட்டது!" என்றாள் அமலராணி.

"லித்தியம்னு ஒரு மருந்து. ரத்தத்துல அளவு பார்த்துப் பார்த்துக் கொடுக்கணும். தாகமும் லேசான நடுக்கமும் அதோட வரும். ஒழுங்கா சாப்பிட்டா ஆளை நல்லாவே வச்சிருக்கும். ஆனா இந்த வலி மாத்திரை கூடச் சேர்ந்தா, அது சிறுநீர்ல வெளியேறாம உடம்புலயே தங்கிடும். உப்பையும் நிறுத்திட்டா இன்னும் ஏறும். நான் டாக்டர் இல்லை. டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். டப்பாவைக் கொடுங்க."

குப்புராஜ் முணுமுணுத்தான். "எனக்கு இடுப்பு வலிக்கு அதான் கேட்டுச்சு..."

"தம்பி சாப்பிடற மாத்திரை உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும். அதைக் கடைக்காரன்கிட்ட சொல்ல முடியுமா சார்?"

கடைக்காரனிடம் சொல்ல வெட்கம். கண்ணை மூடிக்கொண்டு தம்பிக்குக் குழி தோண்ட மட்டும் வெட்கமில்லை. என்ன ஜென்மங்களோ!

"வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறாரான்னு டாக்டர் கேட்டிருப்பாரே?"

"இல்லைன்னேன்," என்றாள் தாயாரம்மாள். "சின்னவளுக்கு வரன் பார்த்துக்கிட்டு இருக்கோம். பைத்தியக்காரன் தங்கச்சின்னு சொன்னா எவன் வருவான்?"

பெற்ற பிள்ளை உள்ளே உயிருக்குப் போராடுகிறான். இவளுக்கு வரன் கவலை! பட்டு மாமியாரின் இடுப்பிலிருந்து டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு டாக்டர் அறைக்கு ஓடினாள்.

அன்றே இரண்டு மாத்திரைகளும் நிறுத்தப்பட்டன. உப்புநீர் ஏறியது. ரத்தச் சோதனை சுவிசேஷமுத்து சொன்னதை அப்படியே சொன்னது. போலீசுக்கு யாரும் போகவில்லை. ஒரு வாரத்தில் பட்டுவின் புருஷன் தட்சிணாமூர்த்தி தெளிவாகப் பேசி மனைவியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். பட்டு அழுதாள். முன்பே என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா என்று திட்டவும் செய்தாள்.

வீட்டுக்குக் கிளம்பும் நாளில், நன்றி சொல்வதற்காகப் பட்டு வரவழைத்திருந்த சுவிசேஷமுத்துவும் அமலராணியும் நிற்கும்போதே, தாயாரம்மாள் மருமகளின் கையைப் பிடித்தாள்.

"பட்டு, இது நம்ம வீட்டோட இருக்கட்டும்மா."

"அவர் நோயை நான் ஏன் அத்தை வெளியே சொல்லப் போறேன்? அதுல அவர் தப்பு ஒண்ணும் இல்லை. ஆனா நான் மருந்து வச்சேன்னு தெரு பூரா சொன்னீங்கல்ல? அதே தெருவுல வீடு வீடா ஏறி, 'நான் சொன்னது பொய்'னு சொல்லுங்க. நானும் கூட வரேன்."

"அப்போ அவனுக்கு என்னதான் ஆச்சுன்னு கேட்டா?"

"அதுக்கு ஏதாவது ஒரு பொய் சொல்லுங்க அத்தை. அதுதான் உங்களுக்கு நல்லா வருமே."