நாற்பது லிட்டர் ஆயில்

வெள்ளிக்கிழமை, பகல் 1.40.

மூன்றாம் எண் டிப்பர் லாரியின் பக்கவாட்டில் ஒரு பூட்ஸ் கால் தொங்கிக்கொண்டிருந்தது. மெக்கானிக் உள்ளே படுத்து வேலை பார்க்கிறார் என்றுதான், சாப்பிட்டுவிட்டுத் திரும்பிய டிரைவர் நினைத்தார்.

“அண்ணே, இன்னும் சாப்பிடலையா?” என்று கேட்டுக்கொண்டே நெருங்கினார். அப்போதுதான் கல் ஏற்றும் தொட்டி கீழே இறங்கியிருப்பது கண்ணில் பட்டது. தொட்டி இறங்கிவிட்டால், அதற்கும் லாரியின் சட்டத்துக்கும் நடுவே ஒரு கை நுழையக்கூட இடம் கிடையாது.

டிரைவர் போட்ட கூச்சலில், பக்கத்தில் இடைவிடாமல் கல் அரைத்துக்கொண்டிருந்த இயந்திரத்தையே நிறுத்திவிட்டார்கள். கல் ஆலை முழுவதும் அமைதியானது. அந்த அமைதி சத்தத்தைவிடப் பயங்கரமாக இருந்தது.

2.20.

இன்ஸ்பெக்டர் ஜீப்பிலிருந்து இறங்கியபோது கிரேன் தொட்டியைத் தூக்கிக்கொண்டிருந்தது. நாற்பது வயதுக்காரர், குரலை உயர்த்திப் பேசிப் பழக்கமில்லாத பெண்மணி. பின்னால் வந்த ஏட்டு, தூக்கிய தொட்டியைப் பார்த்ததும் நாலடி தள்ளியே நின்றுகொண்டார்.

“இதும் பக்கத்துல நிக்கவே பயமா இருக்கு மேடம். முதலை வாயைத் தொறந்தாப்ல இருக்கு.”

செத்துக் கிடந்த மெக்கானிக்கை ஆலையில் எல்லோரும் ‘முட்டு அண்ணன்’ என்றுதான் கூப்பிடுவார்கள். தூக்கிய தொட்டிக்கு இரும்பு முட்டுக் கொடுக்காமல் அதனடியில் தலையைக்கூட நீட்ட மாட்டார் என்பதால் வந்த பெயர். இப்போது அந்த முட்டு, கேபினுக்குப் பின்னாலுள்ள கொக்கியில் மடித்து மாட்டப்பட்டிருந்தது.

உடல் சட்டத்தின்மேல் ஒருக்களித்துக் கிடந்தது. வலது கை மட்டும் நீண்டிருந்தது. விரல்கள், முட்டு நிற்க வேண்டிய குழியைப் பற்றியிருந்தன. இன்ஸ்பெக்டர் அந்தக் கையையே வெகுநேரம் பார்த்தார்.

“ஹோஸ் வெடிச்சிருக்கு மேடம்,” என்றார் சூப்பர்வைசர். ஒல்லியான மனிதர், சலவைச் சட்டை. “தொட்டியைத் தாங்குறது ஜாக்கி. ஜாக்கிக்கு ஆயில் போற ஹோஸ் அந்தா பாருங்க, கேபினுக்குப் பின்னாடி. அத்துப் போய்த் தொங்குது. ஆயில் வெளிய போனா தொட்டி கல்லு மாதிரி விழும்.”

“முட்டு?”

“ஒருநாள் மறந்துட்டாரு போல. யானைக்கும் அடி சறுக்கும்ல?”

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். அறுந்த ஹோஸுக்குக் கீழே, மண்ணில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஆயில் ஊறியிருந்தது. கேபினில் ஏறினார். சாவி அதன் இடத்திலேயே இருந்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு கறுப்புக் குமிழ், வெளியே இழுத்த நிலையில் நின்றது.

“இது என்ன?”

“பம்ப் குமிழ்,” என்றார் கீழேயிருந்த டிரைவர். “இதை இழுத்தா எஞ்சின் பம்பை ஓட்டும். அப்புறம் அந்த லிவரைப் பிடிச்சு ஏத்தலாம், இறக்கலாம்.”

“கேபினுக்குள்ள யாராவது ஏறினீங்களா?”

“யாரையும் நான் விடல மேடம்,” என்றார் சூப்பர்வைசர்.

3.30. ஆலை அலுவலக அறை.

“ஒரு மணியிலேர்ந்து எங்க இருந்தீங்க?” என்று டிரைவரைக் கேட்டார் இன்ஸ்பெக்டர்.

“சாப்பாட்டு ரூம்ல.”

“யார் பார்த்தா?”

“தனியாத்தான் சாப்பிட்டேன்.”

“நேத்து அவருக்கும் உங்களுக்கும் சண்டையாமே?”

“சண்டை இல்ல மேடம். என்னமோ கேட்டாரு. நான் இல்லேன்னேன். அவ்வளவுதான்.”

“என்ன கேட்டாரு?”

டிரைவர் கதவைப் பார்த்தார். கதவின் கண்ணாடிக்கு அப்பால் சூப்பர்வைசரின் நிழல் அசையாமல் நின்றது.

“ஞாபகமில்ல மேடம்.”

அடுத்து சூப்பர்வைசர். அவர் தன் அறையில் தனியாகக் கோப்பு பார்த்துக்கொண்டிருந்தாராம். கூச்சல் கேட்டுத்தான் ஓடி வந்தாராம்.

“உங்களுக்கு லாரி ஓட்டத் தெரியுமா?”

“ஆள் வராத அன்னிக்கு எடுப்பேன் மேடம். ஆபத்துக்குப் பாவம் இல்லையே.”

“அந்த மெக்கானிக் எப்படிப்பட்டவர்?”

“தங்கமான மனுசன்.” அவர் கண்கள் கலங்கின. அது நடிப்பில்லை என்றே இன்ஸ்பெக்டருக்குத் தோன்றியது.

5.15.

மெக்கானிக்கின் வீடு இரண்டே அறை. சுவரோரம் அடுக்கியிருந்த பெட்டிகளில் சாய்ந்து அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்திருந்தாள், அல்லது இன்னும் தொடங்கவில்லை.

“ரெண்டு நாளா அவருக்குத் தூக்கமே இல்லீங்க. ‘தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருந்தா நானும் கூட்டாளிதானே’ன்னு கேட்டாரு. என்னன்னு கேட்டா சொல்லல.”

“வேலை நேரத்துல மறதி ஏதாவது?”

“அவருக்கா? கேஸ் அடுப்பை அணைச்சேனான்னு மூணு தடவை எந்திரிச்சுப் பார்க்குற மனுசங்க அவரு.”

சனிக்கிழமை, காலை 9.30.

இரவெல்லாம் இன்ஸ்பெக்டர் கண்ணில் அந்தக் கைதான் நின்றது. முட்டு வைக்க மறந்தவன், ஏன் முட்டு இருக்கும் இடத்தைத் தேடிக் கையை நீட்டினான்?

முதல் வேலையாகக் கொக்கியிலிருந்த முட்டைப் பார்த்தார். இரும்பில் படிந்த கல்தூசியின் மேல், கிரீஸ் ஒட்டிய ஓர் உள்ளங்கைத் தடம் புதிதாக இருந்தது. நேற்று உடலில் எடுத்த ரேகையை ஏட்டு ஒப்பிட்டுப் பார்த்தார். மெக்கானிக்கின் கைதான்.

“வெச்சிருக்காரு மேடம். வெச்ச முட்டைத் திரும்ப எடுத்து மாட்டினது யாரு?”

இன்ஸ்பெக்டர் டிரைவரைக் கூப்பிட்டார். “முட்டு மேல தொட்டி உக்காந்துட்டா, முட்டைத் தட்டி எடுக்க முடியுமா?”

“சம்மட்டியால அடிச்சாலும் அசையாது மேடம். தொட்டியை நாலு விரல் உசத்தினாத்தான் வரும். எஞ்சினைப் போட்டு, லிவரைப் பிடிச்சு உசத்தணும். அப்புறம் இறங்கி வந்து, கேபினுக்குப் பின்னாடி இருக்கிற இந்தக் கைப்பிடியை இழுத்தா முட்டு மடங்கிக்கும்.”

“ஒரு ஆளே செய்யலாமா?”

“செய்யலாம்.”

மெக்கானிக்குக்குத் தெரிந்த விஷயம் இந்த வண்டியில்தான் இருக்க வேண்டும் என்று, அடுத்து இன்ஸ்பெக்டர் ஏணி போட்டு ஏறி, தொட்டியின் முன் விளிம்பைப் பார்த்தார். வண்டி முழுக்க மஞ்சள் வெளிறிக் கிடக்க, அங்கே மட்டும் ஒரு முழ நீளத்துக்குப் புதிய மஞ்சள். அடியில் இரும்பு நெளிந்து, தட்டி நிமிர்த்தியிருந்தது. சாவியால் சுரண்டினார். மஞ்சளுக்குக் கீழே நீலம் வந்தது.

ஊருக்குள் பெரிய சாலைக்கு மேலே நடந்து போகும் இரும்புப் பாலம் ஒன்று உண்டு. நீலப் பாலம். மூன்று வாரத்துக்கு முன், தொட்டியை இறக்காமல் ஓடிய ஏதோ ஒரு லாரி அதில் மோதியது. பாலத்தில் நடந்துகொண்டிருந்த ஒரு நர்ஸ் கீழே விழுந்து இறந்துபோனாள். லாரி நிற்கவில்லை. நம்பரைப் பார்த்தவரும் இல்லை. அந்தக் கோப்பு இன்ஸ்பெக்டரின் மேசையில்தான் இருந்தது.

11.00.

“ஹோஸ் புதுசு மாட்டியாச்சு மேடம்,” என்றார் ஏட்டு. “எதுக்குன்னுதான் புரியல.”

“மெக்கானிக் உள்ள இருந்து என்ன பார்த்தாரு, அவர் காதுல என்ன விழுந்துச்சுன்னு எனக்குத் தெரியணும். நான் உள்ள படுக்கப் போறேன்.”

ஏட்டு மெதுவாக, “எனக்கு இன்னும் ஆறு மாசம்தான் மேடம் சர்வீஸ் இருக்கு. என் கண்ணு முன்னாடி வேணாம்,” என்றார்.

“முட்டுக்குப் பக்கத்துல நீங்க நில்லுங்க. யாரையும் அதைத் தொட விடாதீங்க.”

கேபினில் ஏறச் சொன்னதும் டிரைவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். வற்புறுத்தி ஏற்றி, தொட்டியைத் தூக்க வைக்க வேண்டியிருந்தது. தூக்கியதும் ஏட்டு முட்டைப் பொருத்தினார். தொட்டி அதன்மேல் உட்கார்ந்தது. இறங்கும் முன் டிரைவரின் கை தானாகப் போய்ப் பம்ப் குமிழை உள்ளே தள்ளியது. அதை அவரே கவனிக்கவில்லை. இன்ஸ்பெக்டர் கவனித்தார்.

“மறுபடி நாலு விரல் உசத்தணும். நான் உள்ள இருக்கும்போது.”

“மாட்டேன் மேடம். சுட்டுப் போட்டாலும் மாட்டேன்.”

“நான் ஏறுறேன்,” என்றார் சூப்பர்வைசர்.

இன்ஸ்பெக்டர் சட்டத்தின்மேல் ஏறி, ஜாக்கியின் பக்கமாக ஒருக்களித்துப் படுத்தார். முகத்துக்கு மேலே அரைச் சாண் கனமான இரும்புக் குறுக்குச் சட்டங்கள். ஆயில் நாற்றம். எஞ்சின் உறுமியது. சட்டம் அதிர்ந்ததில் பல்லோடு பல் இடித்தது. தலைக்கு மேலே அத்தனை டன் இரும்பும் முனகிக்கொண்டு அசைந்தது. திரும்பிப் பார்த்தார். முட்டுக்கும் தொட்டிக்கும் நடுவே நாலு விரல் அகலத்துக்கு வெளிச்சம்.

இப்போது அவரைத் தாங்குவது இரும்பு இல்லை. ஒரு மனிதனின் கை.

ஏட்டு இரண்டு கைகளாலும் முட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து ஏதோ கத்தினார். ஒரு சொல்கூட இன்ஸ்பெக்டரின் காதில் விழவில்லை. முட்டு மடங்கும் சத்தமும் இப்படித்தான் கேட்காமல் போயிருக்கும். முகத்தை ஜாக்கிப் பக்கம் திருப்பி வேலை பார்ப்பவனுக்கு, தொட்டி முதுகைத் தொடும்போதுதான் தெரிந்திருக்கும்.

வேர்வை கண்ணில் இறங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார். வெளிச்சம் குறைந்தது. தொட்டி பதமாக முட்டின்மேல் உட்கார்ந்தது. எஞ்சின் நின்றது.

இன்ஸ்பெக்டர் வெளியே வந்து, லாரிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். சூப்பர்வைசர் கேபினிலிருந்து இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இன்ஸ்பெக்டர் மெல்ல நடந்துபோய்க் கேபினுக்குள் எட்டிப் பார்த்தார்.

பம்ப் குமிழ் வெளியே நின்றது.

11.25.

“உக்காருங்க,” என்றார் இன்ஸ்பெக்டர். சூப்பர்வைசர் ஒரு பழைய டயரின்மேல் உட்கார்ந்தார்.

“அந்த உயரத்துக்குத் தொட்டி நிக்கணும்னா ஜாக்கிக்குள்ள எத்தனை லிட்டர் ஆயில் இருக்கும்?” இந்தக் கேள்வி டிரைவருக்கு.

“நாப்பது லிட்டர் மேடம்.”

“ஹோஸ் வெடிச்சிருந்தா அவ்வளவும் தரையில இருக்கணும். நேத்து தரையில ஒரு தட்டு ஆயில்தான் இருந்துச்சு. மீதி எங்க போச்சு?” ஜாக்கிக்கு ஆயில் போகும் டேங்கின் பக்கத்தில், அளவு காட்டும் கண்ணாடிக் குழாயைக் காட்டினார். “ஏட்டு நேத்தே குறிச்சு வெச்சாரு. டேங்க் நிறைஞ்சு இருந்துச்சு. லிவரைப் பிடிச்சு முறையா இறக்கினாத்தான் ஆயில் டேங்குக்குத் திரும்பும். தொட்டி விழல. இறக்கினாங்க. இறக்கி முடிச்ச பிறகுதான் ஹோஸை அறுத்தாங்க. அதுக்குள்ள தங்கின ஆயில்தான் தரையில சிந்தினது.”

இன்ஸ்பெக்டர் கேபினுக்குள் கையை நீட்டிக் குமிழைத் தொட்டுக் காட்டினார்.

“இறக்கினவர் குமிழை உள்ள தள்ள மறந்துட்டாரு. நேத்தும் மறந்தாரு. இப்பவும் மறந்தாரு. மூணு வாரத்துக்கு முன்னாடியும் மறந்திருப்பாரு. குமிழ் வெளிய இருந்து, லிவரும் சரியா நடுவுல நிக்கலேன்னா என்ன ஆகும்?”

“ஓடும்போதே தொட்டி தானா மேல ஏறும்,” என்றார் டிரைவர். பிறகு அவருக்குள் ஏதோ உடைந்தது. “அன்னிக்கு எனக்குக் காய்ச்சல் மேடம். நான் வரவே இல்ல. சார்தான் வண்டி எடுத்தாரு. வியாழக்கிழமை அண்ணன் என்கிட்ட வந்து, ‘பாலத்துல இடிச்சது நீயா?’ன்னு கேட்டாரு. நான் லீவுன்னேன். அவரு அப்படியே நின்னுட்டாரு. சொன்னா என் தலையிலயே கட்டிருவாங்கன்னு பயந்துட்டேன்.”

சூப்பர்வைசர் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சத்தம் கேட்டுச்சு. கண்ணாடியில பார்த்தேன். அந்தம்மா விழுந்து கெடந்தாங்க. கால் பிரேக்குக்குப் போகவே இல்ல மேடம்.” “நேத்து அவரு வந்து, ‘நீங்களே போய்ச் சொல்லிடுங்க சார், நானும் கூட வரேன்’னாரு. சரின்னேன். நெசமாத்தான் சொன்னேன். ‘சாயங்காலம் போலாம். இந்த ஆயில் கசிவை மட்டும் பார்த்துடுங்க, நான் எஞ்சினை ஓட்டிக்கிட்டு இருக்கேன்’னேன். அவருக்கு மொகமெல்லாம் சந்தோசம். படுத்துட்டாரு. லிவர் என் கையில இருந்துச்சு…”

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. ஏட்டு வந்து தோளைத் தொட்டபோது, அடி வாங்கியவரைப் போலத் துள்ளினார்.

ஞாயிற்றுக்கிழமை, காலை 10.00.

மெக்கானிக்கின் மனைவி ஸ்டேஷனுக்கு வந்து, கணவரின் பொருட்களுக்குக் கையெழுத்துப் போட்டாள். இன்ஸ்பெக்டர் எதையும் மறைக்காமல் சொன்னார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“அன்னிக்குக் காலையில கேட்டாருங்க, ‘பேசட்டுமா வேணாமா’ன்னு. விஷயம் என்னன்னு தெரியாமலே நான்தான் பேசிடுங்கன்னேன். நான் சும்மா இருந்திருக்கலாம்ல?”

இன்ஸ்பெக்டர் ஜன்னலைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

“அந்த நர்ஸோட வீட்டுக்காரர் மூணு வாரமா தினம் காலையில இங்க வருவாரு. ‘ஏதாவது தெரிஞ்சுதாம்மா?’ன்னு கேட்பாரு. இல்லேன்னதும் போயிடுவாரு. இன்னிக்கு என்னமோ இன்னும் காணோம்.”

அவள் கணவரின் கைக்கடிகாரத்தைப் பைக்குள் வைத்து மூடினாள்.

“அவங்க வீடு எங்கங்க?”

“நாங்க ஆள் அனுப்புறோம்.”

“வேணாங்க. விலாசத்தை எழுதிக் குடுங்க,” என்று எழுந்தாள். “அவரு சொல்ல நெனச்ச சேதி அது. நானே போய்ச் சொல்றேன்.”