விரல் வைத்துப் பார்ப்பவன்

மூன்றுதான் இருக்க வேண்டும். சிமென்ட் தரையில் நான்கு தோட்டாக்கள் கிடந்தன.

மோகனசுந்தரம் குந்தி உட்கார்ந்து மறுபடி எண்ணினான். மூன்று சிவப்பு. காலையில் மாந்தோப்புக் காவலுக்குப் போகும்போது அவன் துப்பாக்கியில் போட்டுக்கொண்டது அவ்வளவே; காட்டுப்பன்றி வரவில்லை, சுடவும் இல்லை. நான்காவது கறுப்பு. பெயரில்லை, எண்ணில்லை. இப்போதுதான் மண்ணுக்கடியிலிருந்து தோண்டியெடுத்தது போல நசநசவென்று ஈரமாக இருந்தது. முதலமடையில் மழை பெய்து நாலு மாதமாகிறது, ஈரத்துக்கு எங்கே போவது?

பன்றி சுடப் பஞ்சாயத்து அனுமதித்த ஆட்களில் அவனும் ஒருவன். மற்றவர்கள் துப்பாக்கியை ஏதோ தொரட்டிக் கம்பு மாதிரி தோளில் போட்டுத் திரிவார்கள். இவன் அப்படியில்லை, பன்றியைக் கண்ணால் காணாமல் குழலின் அடியில் தோட்டா வெடிக்கும் சேம்பருக்குள் அதை ஏற்றமாட்டான். வீடு திரும்பியதும் பின்னறை மணல் மூட்டையைப் பார்த்துக் குழலை நீட்டி, அடிக்குழாயில் அடுக்கியிருக்கும் தோட்டாக்களையெல்லாம் முதலில் எடுத்து, பிறகு சேம்பரை மூடும் போல்ட்டை இழுத்து, கடைசியாகச் சேம்பருக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்ப்பான். மனைவி நர்மதா கேலி செய்தாலும் விடமாட்டான்.

இன்றும் விரலை விட்டான். வழவழவென்று பித்தளை தட்டுப்பட்டது.

போல்ட்டை விட்டு, மறுபடி இழுத்தான். ஐந்தாவது தோட்டா தெறித்து விழுந்தது, அதுவும் கறுப்பு. ஆறாவது. ஏழாவது. வெளியே மலைக் கணவாய்க் காற்று காய்ந்த மாஞ்சருகுகளை வாசல்வரை இழுத்து வந்து கொட்டிக்கொண்டிருக்க, எண்ணெய் வாசத்துக்கு அடியில் கிழங்கு அழுகிய நாற்றம் கொஞ்சம் கொஞ்சமாக அறையெங்கும் ஏறி, பிற்பகல் வெயில் ஜன்னல் கம்பியோடு நின்றுவிட்டது போல மூலைகள் இருண்டு வந்தன. பதினெட்டு வரை எண்ணினான். அதற்குமேல் அவனால் முடியவில்லை.

எழுந்து ஓடிவிடலாம் என்று துப்பாக்கியிலிருந்து கையை எடுத்தான். டிக் என்று சேஃப்டி தானாக நகர்ந்தது. விசை தானாக ஒரு நெல்லளவு பின்னே போனது. பதறிப்போய்ப் பிடித்துக்கொண்டான். கை பட்டதும் அடங்கியது.

மணி மூன்று ஐம்பது. ஐயோ, பாப்பா பள்ளிவிட்டு வரும் நேரம். ஒரு கையால் போனை அழுத்தினான்.

"நர்மதா, பாப்பா ஊட்டுக்கு வரக்கூடாது. வேன்காரனுக்குச் சொல்லு."

"ஏனுங்க, இப்பத்தான் அவ முக்குல இறங்கிட்டாள்னு வேன்காரரு சொன்னாருங்க. குரலு ஏன் ஒரு மாதிரி இருக்குது?"

போன் கையிலிருந்து நழுவியது.

வழி ஒன்றுதான் இருந்தது. போல்ட் மூடினால்தானே வெடிக்கும்! போல்ட்டை இழுத்தான். கறுப்பு ஒன்று தெறித்தது. அடுத்தது வருவதற்குள் சுட்டுவிரலை அடிவரை சேம்பருக்குள் திணித்தான். போல்ட் தானாக முன்னே பாய்ந்து விரலைக் கடித்தது. எலும்பில் இறங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டான். விரல் இருக்கும்வரை மூடாது. மகள் வந்து, அவன் போகச் சொல்லி, அவள் போய்விட்டால் போதும். விரல் போனால் போகட்டும்.

அப்போது, குழலின் உள்ளிருந்து, ஏதோ அவன் விரல் நுனியை முட்டியது.

மெதுவாக. பால் தேடும் குட்டியைப் போல.

செருப்புச் சத்தம். மகள் கௌசிகா பையைப் போட்டுவிட்டு உள்ளே வந்தாள். நேராக வந்து, குழலுக்கும் மணல் மூட்டைக்கும் நடுவே சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"சாமி, எந்திரிச்சு வெளிய போ."

"நீங்க தானுங்கப்பா வரச் சொன்னீங்க."

"நான் கூப்புடலம்மா."

"கூப்புட்டீங்க. இதுக்குள்ள இருந்து."

குழலைத் திருப்பப் பார்த்தான். தரையில் வேர்விட்டது போல நின்றது. காலை நீட்டி அவளைத் தள்ளப் பார்த்தான். எட்டவில்லை. "ஓடு கண்ணு, அப்பா சொல்றேன், ஓடு." அவள் அவனைப் பார்க்கவே இல்லை.

குனிந்தாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மற்றதைக் குழல் வாயில் வைத்தாள்.

"அப்பா, உள்ள யாரோ பாக்குறாங்க."

உள்ளே முட்டியது. இப்போது பலமாக. ரத்தத்தில் விரல் வழுக்கியது. அவன் தோள்பட்டை வரை இறுக்கி அதை உள்ளே தள்ளினான்.

விரல் வெளியே வந்துகொண்டிருந்தது.