ஏழாம் பீப்பாய்

செல்சோ தட்டியது ஒரு தட்டு. கேட்டது இரண்டு.

மது எந்த மட்டத்தில் நிற்கிறது என்று அறிய, ஆள் உயரப் பீப்பாயின் வயிற்றில் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பது அந்த நிலவறையில் நான்கு தலைமுறைப் பழக்கம். மது இருக்கும் இடத்தில் சத்தம் அமுங்கும், இல்லாத இடத்தில் கணீரென்று வரும். ஐந்தாண்டு உறங்கிய பரோலோ மதுவைப் பம்பு பாதிக்குமேல் அடுத்த தொட்டிக்கு இழுத்துவிட்டது. செல்சோ ஏழாம் பீப்பாயை இடுப்பு உயரத்தில் தட்டினான். அமுங்கிய சத்தம் வந்தது. ஒரு மூச்சு கழித்து, அதே இடத்தில், உள்ளிருந்து இன்னொன்று.

"மரம் சுருங்குது," என்று தனக்கே சொல்லிக்கொண்டான். டிசம்பர் மாதத்து மூடுபனி காற்றுத்துளை வழியாக இறங்கி, ஈரச் செங்கல் வாடையோடும் பழைய ஓக் மரத்தின் புளித்த வாசத்தோடும் கலந்து, அவன் கழுத்துப்பட்டைக்குள் நுழைந்துகொண்டிருந்த அந்தக் காலை நேரத்தில், அவற்றுக்கெல்லாம் அடியில் எரிந்த கந்தக நெடி மெல்லிசாக மூக்கில் ஏறியது. அந்த மாதம் அங்கே யாரும் கந்தகம் கொளுத்தவில்லை.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும்? ஐந்தாண்டுக்கு முன் அவன் தம்பி எர்மெத்தே, மலைச்சரிவுத் திராட்சைத் தோட்டத்தில் தன் பங்கைப் பிரித்துக் கேட்டான். கேட்ட மறுநாள், காலியான இதே பீப்பாய்க்குள், படிந்த வண்டலைச் சுரண்ட நுழைந்தான். அடியிலிருக்கும் சின்னக் கதவு உள்பக்கம் பொருந்துவது. வெளியே குறுக்குக்கட்டை வைத்து மரையைத் திருகினால் இறுகிவிடும். பூஞ்சையைக் கொல்லக் கொளுத்தும் கந்தகத் திரியைப் பற்றவைத்துச் செல்சோ உள்ளே எறிந்தான், கதவை இழுத்தான், மரையைத் திருகினான். உள்ளே தட்டல் ஓயும்வரை அங்கேயே நின்றான். உடலை ஹேசல் மரங்களுக்கு நடுவே புதைத்தான். தம்பி அர்ஜென்டினாவுக்குப் போய்விட்டான் என்றான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தான். பாவி, சோறும் வாய் திறக்கவில்லை.

பம்பு நின்றது. கதவைத் திறந்ததும் கருஞ்சிவப்பு வண்டல் வழிந்து தரையில் பரவியது. அவன் மகள் ஒர்னெல்லா, இருபத்துநாலு வயதுக்காரி, குச்சி போன்ற உடம்பு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"இதை நாளைக்குக் கழுவிக்கலாம்மா."

"நாளைக்கா? பூஞ்சை பிடிக்கும்னு தினம் பாடம் எடுக்கிற ஆளு நீதானேப்பா!"

"அப்ப நான் போறேன்."

குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்த அவன் மனைவி தெல்ஃபீனா சிரித்துவிட்டாள். "தலை போகும், ஒரு தோள் போகும். அந்தத் தொப்பை? அதுக்குக் கதவையே பெருசா வெட்டணும். சும்மா இரு செல்சோ, அவளைப் பொத்திப் பொத்தி வளர்த்தது போதும்." வெந்நீர் எடுக்க மேலே போனாள்.

பொத்தித்தான் வளர்த்தான். உலகத்தில் அவனுக்கு உயிர் என்று இருந்தது அந்த ஒரு பெண்தான். அவள் கைகளை முன்னே நீட்டி, தலையை நுழைத்து, தோளைச் சாய்த்து, பாம்பு மாதிரி உள்ளே போனதை அவன் பார்த்துக்கொண்டு நின்றான்.

சுரண்டும் சத்தம் வந்தது. மரத்தில் இரும்பு. நிதானமாக. பிறகு நின்றது.

"அப்பா, உள்ளே வேற யாரையாவது அனுப்பினியா?"

அவன் துவாரத்தருகே குனிந்தான்.

"யாரோ இருமுறாங்கப்பா."

"வெளியே வா! வந்துடு கண்ணு!"

துவாரத்தில் கைகள் வந்தன. பிறகு முகம். அவன் மண்டியிட்டு அவள் மணிக்கட்டுகளைப் பிடித்தான். அவளும் அவனுடையதைப் பிடித்தாள். இழுத்தான். வரவில்லை. கந்தக நெடி கண்ணை எரித்தது.

"காலைப் பிடிச்சிருக்காரு."

"யாரு?"

"சித்தப்பா." அவள் உள்பக்கம் காது கொடுத்தாள். "நீ ஏதோ சொல்லணுமாம். அம்மா காதுல விழுற மாதிரி சொல்லணுமாம். சொன்னா விட்டுடறேங்கிறார். சொல்லுப்பா!"

படியில் வாளி மோதிய சத்தம். தெல்ஃபீனா வந்து நின்றாள். "என்ன சொல்லணும்? செல்சோ, அவ என்ன கேக்கிறா?"

ஒரு வார்த்தை போதும். அதுவும் அவனுக்குத் தெரியும். தொண்டை வரை வந்தது.

அவள் ஒரு சாண் உள்ளே போனாள். அவள் முதுகில் ஏதோ முறிந்தது. அவள் அலறினாள்.

"அப்பா! சொல்லு!"

"எனக்கு ஒண்ணும் தெரியாது," என்றான் செல்சோ. ஐந்து வருடம் பழகிய நாக்கு. "அவன் அர்ஜென்டினா போயிட்டான்."

முகம் இருட்டுக்குள் போனது. அலறல் நின்றது. அவன் விடவில்லை. காலைப் பீப்பாயில் முட்டுக் கொடுத்தான். உயிரைக் கொடுத்து இழுத்தான். உள்ளே ஈரத் துணி கிழிவதுபோல ஒரு சத்தம்.

சட்டென்று கனம் குறைந்தது. மல்லாந்து விழுந்தான். இழுத்துவிட்டோம் என்றுதான் ஒரு கணம் நினைத்தான்.

கதவு உள்ளிருந்து மூடியது. அதன் விளிம்பில் சிவப்பு வழிந்தது. மதுவைவிடக் கெட்டியாக. ஆவி பறக்க.

தெல்ஃபீனா வாளியைத் தவறவிட்டாள். செல்சோ தலையைத் தூக்கித் தன் மார்பைப் பார்த்தான்.

இரண்டு கைகள். தோள் வரை மட்டும். அவற்றின் விரல்கள் இன்னும் அவன் மணிக்கட்டுகளை இறுக்கிக்கொண்டிருந்தன.